சைட் – அமைவிடம்

நகரில் பெரிய நூலகம் வரப்போகிறது என்று அறிவிப்பு வந்தால், மறுநாளே "சைட் பார்க்கிறார்கள்" என்ற பேச்சும் வந்துவிடும். கொத்தனார் முதல் வருவாய்த்துறை அலுவலர் வரை எல்லோருக்கும் புரியும் சொல் இது. ஆனால் நூலகத்துக்கு இடம் தேடும்போது இந்தச் சொல் போதாது என்பது என் உறுதியான எண்ணம்.

சைட் என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. அங்கே 'சிட்டுஸ்' என்றால் ஒரு பொருள் வைக்கப்பட்டிருக்கும் நிலை. வைப்பது, விட்டுவிடுவது என்ற பொருள் கொண்ட வினையிலிருந்து பிறந்த சொல் அது. இடைக்காலத்தில் ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து நம் கட்டட வேலைகளோடு தமிழுக்குள் வந்தது. தமிழில் எழுதும்போது இன்னொரு சிக்கலும் உண்டு. பார்வையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் 'சைட்' என்றே எழுதப்படுகிறது. இடம் எது, பார்வை எது என்பதைச் சூழலை வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

இதற்கு ஈடாகத் தமிழில் என்ன சொல்லலாம்? மனை என்பதற்கு முதற்பொருள் வீடு. "மனைத்தக்க மாண்புடையள்" என்ற குறளில் அது இல்லறத்தையே சுட்டுகிறது. வீடு கட்டும் துண்டு நிலம் என்ற பொருள் பின்னால் சேர்ந்தது. வீட்டுமனை, மனைப்பட்டா எல்லாம் சரி. நூலகத்துக்கு மனை என்பது ஒட்டவில்லை. தலம் என்றால் கோயில்தான் நினைவுக்கு வரும். தளம் இன்று பரவலாக வழங்குகிறது. ஆனால் 'நூலகத்தின் தளம்' என்று எழுதிப் பாருங்கள்: அது மூன்றாவது மாடியா, இணையதளமா, அடியில் இருக்கும் மண்ணா?

அமைவிடம் என்பதே சரியான சொல். புதிதாக உருவாக்கவும் வேண்டியதில்லை. பள்ளிப் புவியியல் பாடத்தில் ஒரு நாட்டின் இருப்பிடத்தைக் குறிக்க நாம் எல்லோரும் படித்த சொல்தான். அமைதல் என்றால் உண்டாதல் மட்டும் இல்லை. பொருந்துதல், இசைதல், நிறைவடைதல் என்ற பொருள்களும் அதற்கு உண்டு. "அமைந்தாங்கு ஒழுகான் அளவறியான் தன்னை வியந்தான் விரைந்து கெடும்" என்ற குறளில் 'அமைந்து' என்பதற்குச் சுற்றியிருப்பவர்களோடு பொருந்தி என்று பொருள். ஆகவே அமைவிடம் என்று சொன்ன உடனே ஒரு கேள்வியும் எழுகிறது: யாரோடு பொருந்துகிறது? சைட் என்றால் காலியாக இருக்கும் அரசு நிலம் போதும். பரப்பளவும் பட்டாவும் பார்த்தால் வேலை முடிந்தது. அமைவிடம் என்றால் பஸ் நிறுத்தத்திலிருந்து நடைபாதை இருக்கிறதா, பள்ளி விட்ட பிள்ளைகள் தாங்களாகவே வர முடியுமா, இரவு எட்டு மணிக்கு ஒரு பெண் அச்சமின்றித் திரும்பிப் போக வெளிச்சம் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

நூலகவியலின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன் இதை எப்போதோ சொல்லிவிட்டார். 1931-இல் வெளியான அவருடைய ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. அந்த விதியை விளக்கும்போது அவர் கையில் எடுக்கும் முக்கியமான பொருள்களில் ஒன்று நூலகத்தின் அமைவிடம். நான்காவது விதி வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. இரண்டு பஸ் மாறி வரவேண்டிய நூலகம் வாசலுக்கு வருமுன்பே அந்த விதியை மீறிவிடுகிறது.

சென்னை கோட்டூர்புரத்தில் 2010 செப்டம்பரில் அண்ணா நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. அண்ணா பல்கலைக்கழகமும் ஐஐடியும் பக்கத்தில், பறக்கும் ரயில் நிலையமும் அருகில். 2011 நவம்பரில் அதை நுங்கம்பாக்கத்தில் கல்வித்துறை அலுவலகங்கள் இருக்கும் டிபிஐ வளாகத்துக்கு மாற்றிவிட்டு, அந்தக் கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக்கப்போவதாக அரசு அறிவித்தது. வாசகர்களும் எழுத்தாளர்களும் கொதித்து எழுந்தார்கள். உயர் நீதிமன்றம் தடை விதித்தது. நூலகம் அங்கேயே நிலைத்தது. குழந்தைகள் மருத்துவமனை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வாசகர் வந்து பழகிய இடத்தைப் பெயர்க்காதீர்கள் என்றுதான் கேட்டார்கள். அந்த உரிமைக்குரல் எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது.

மதுரையில் வேறு கதை. புது நத்தம் சாலையில் பொதுப்பணித் துறை வளாகத்தைக் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குத் தேர்ந்தெடுத்தபோது, அங்கிருந்த பழைய கட்டடம் முல்லைப் பெரியாறு அணை கட்டிய பென்னிகுவிக் வாழ்ந்த வீடு என்று எதிர்ப்பு கிளம்பியது. அவர் 1911-இல் மறைந்தார், கட்டடம் அதற்குப் பிறகே எழுந்தது என்று அரசு விளக்கியது. நூலகம் 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்டது. ஒரு துண்டு நிலத்தின் மேல் ஊரின் நினைவும் படிந்திருக்கும் என்பதை அந்தச் சர்ச்சை காட்டியது. நில அளவைப் படத்தில் இது தெரியாது.

எழுதும்போது கவனிக்க: நூலகம், மருத்துவமனை, பஸ் நிலையம் போன்ற பொது இடங்களுக்கு 'அமைவிடம்', 'அமைவிடத் தேர்வு' என்று எழுதலாம். கட்டட வேலை நடப்பதைச் சொல்ல 'கட்டுமான இடம்' போதும். வீடு கட்டுபவருக்கு 'மனை' இருக்கவே இருக்கிறது. இடத்தைத் தேர்ந்தெடுக்கும் திறனைக் குறிக்க வேண்டுமானால் வள்ளுவர் ஓர் அதிகாரத்துக்கே வைத்த பெயர் இருக்கிறது: இடனறிதல்.