குழுவின் அறிவுத்தளம் எவ்வாறு பழுதடைகிறது?

ஐரோப்பிய அணு ஆராய்ச்சி மையமான செர்ன் ஆய்வகத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ 1989 மார்ச்சில் அளித்த முன்மொழிவுதான் பின்னாளில் உலகளாவிய வலையாக வளர்ந்தது என்பது பலரும் அறிந்த செய்தி. அது எந்தச் சிக்கலைத் தீர்ப்பதற்காக எழுதப்பட்டது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆயிரக்கணக்கானோர் பணிபுரிந்த அந்த ஆய்வகத்தில் ஒருவர் இரண்டு ஆண்டுகள் இருந்துவிட்டு விடைபெறுவது வழக்கமாக இருந்தது. எந்தக் கருவி எவ்வாறு இயங்குகிறது, எந்த முடிவு ஏன் எடுக்கப்பட்டது என்ற விவரங்களும் அவரோடு வெளியேறிவிடும். இன்று குழுக்கள் இணையத்தில் பொதுவாக வைத்துக்கொள்ளும் அறிவுத்தளமும் அதே இழப்பைத் தடுப்பதற்கான ஏற்பாடே. ஆனால் எழுதிவைப்பதோடு வேலை முடிந்துவிடுவதில்லை.

எழுதப்பட்ட பக்கம் அப்படியே நிற்கிறது. அது விவரிக்கும் உலகம்தான் நகர்ந்துவிடுகிறது. இதனால் ஏற்படும் பழுதுகளில் சிலவற்றை மென்பொருளே கண்டுபிடித்துவிடும். இல்லாத பக்கத்தைச் சுட்டும் இணைப்பைச் சொடுக்கினால், பக்கங்களை அனுப்பும் கணினியான வழங்கி 404 என்ற குறியீட்டைத் திருப்பி அனுப்பும் என்பதால், அறுந்த இணைப்புகளைத் தேடித் தொகுப்பது ஒரு சிறு நிரலுக்கு எளிய வேலை. விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருள், வேறெந்தப் பக்கத்திலிருந்தும் இணைப்புப் பெறாத பக்கங்களையும், ஒரு வழிமாற்று (ஒரு பெயரிலிருந்து வேறொரு பக்கத்துக்குத் தானாக அனுப்பும் பக்கம்) இன்னொரு வழிமாற்றுக்கே இட்டுச்செல்லும் இடங்களையும் தானாகவே பட்டியலிட்டுத் தருகிறது. இன்னொரு வகைப் பழுது இவ்வளவு எளிதில் அகப்படாது. “காப்புப்பிரதி ஒவ்வோர் இரவும் எடுக்கப்படுகிறது” என்ற வாக்கியம், அந்த ஏற்பாடு நிறுத்தப்பட்ட பின்னரும் எழுத்துப் பிழையின்றி, இணைப்பு அறாமல் அங்கேயே இருக்கும். அதை நம்பிச் செயல்பட்டு, எதிர்பார்த்தது நடக்காமல் திகைக்கும் வாசகருக்குத்தான் பிழை தெரியவரும். ஆகவே அந்த வாசகர் பிழையை உணரும் கணத்துக்கும் பக்கம் திருத்தப்படும் கணத்துக்கும் இடையிலுள்ள தொலைவைக் குறைப்பதே பராமரிப்பின் சாரம் என்பது என் கணிப்பு.

வார்டு கன்னிங்காம் 1995இல் இணையத்தில் வெளியிட்ட முதல் விக்கி இந்தத் தொலைவை வெகுவாகக் குறைத்தது. படிக்கும் பக்கத்திலேயே திருத்தும் வசதி வாசகர் கைக்கு வந்தது. இவ்வளவு திறந்த அமைப்பு சீர்குலையாமல் இருப்பதற்குத் திருத்த வரலாறு முக்கியக் காரணம். இன்றைய விக்கி மென்பொருள்கள் பழைய எழுத்தின் மேல் புதியதை எழுதி அழிப்பதில்லை. ஒவ்வொரு திருத்தத்தையும் தனிப் பதிப்பாகச் சேமிக்கின்றன. தவறான மாற்றத்தை நீக்குவதும்கூட முந்தைய பதிப்பின் நகலைப் புதிய பதிப்பாக மேலே சேர்ப்பதுதான். இருவர் ஒரே நேரத்தில் ஒரே பக்கத்தைத் திருத்தினால், இருவரும் தொடங்கிய பொதுப் பதிப்போடு இரு வடிவங்களையும் மென்பொருள் ஒப்பிடுகிறது. மாற்றங்கள் வெவ்வேறு வரிகளில் இருந்தால் தானே இணைத்துவிடுகிறது, ஒரே வரியில் மோதினால் மட்டும் முடிவை மனிதரிடம் விடுகிறது. பிழை செய்வதற்கான விலை இவ்வளவு குறைவாக இருக்கும்போது, ஒவ்வொரு திருத்தத்துக்கும் முன் அனுமதி கேட்கும் முறையைப் பல நிறுவனங்கள் ஏன் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்பது வியப்புக்குரியது. சட்டமோ பாதுகாப்போ சார்ந்த பக்கங்களுக்கு அது தேவைப்படலாம். மற்ற இடங்களில் அது வாசகரைப் பேசாமல் கடந்துபோகவே பழக்குகிறது.

பக்கம் சரியாக இருந்தும் கிடைக்காமல் போவதும் பழுதே. தேடல் பெரும்பாலும் ஒரு சொல்லடைவைக் கொண்டு இயங்குகிறது: ஒவ்வொரு சொல்லும் எந்தெந்தப் பக்கங்களில் வருகிறது என்று முன்கூட்டியே குறித்துவைத்து, கேட்கப்பட்ட சொல்லுக்குரிய பக்கங்களை அது எடுத்துத் தருகிறது. எழுதியவர் “விடுப்பு” என்று எழுதியிருக்க, தேடுபவர் “லீவு” என்று தட்டினால் அடைவு கைவிரித்துவிடும். இது அரிதான விபத்து அன்று. ஜார்ஜ் ஃபர்னஸ், தாமஸ் லாண்டவர், லூயிஸ் கோமஸ், சூசன் டூமே ஆகியோர் 1987இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே பொருளுக்கு இருவர் தாமாகவே ஒரே சொல்லைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு 20 விழுக்காட்டுக்கும் குறைவு என்று கண்டனர். எவ்வளவு கவனமாகப் பெயர் சூட்டினாலும் ஒற்றைப் பெயர் போதாது என்பதே இதன் பொருள். ஒரு பக்கத்துக்கு எத்தனை பெயர்கள் வழங்குகின்றனவோ அத்தனையையும் ஏற்றுக்கொள்ளும்படி அமைப்பு இருக்கவேண்டும் என்பது அவர்களின் பரிந்துரை. விக்கிகளில் வழிமாற்றுப் பக்கங்கள் இந்த வேலையைச் செய்கின்றன. எந்தெந்தப் பெயர்கள் தேவை என்பதை ஊகிக்க வேண்டியதும் இல்லை, விடை கிடைக்காத தேடல்களின் பதிவைப் பார்த்தாலே விளங்கிவிடும்.

தேடிக் கிடைக்காதபோது மக்கள் புதிய பக்கம் எழுதிவிடுகிறார்கள் என்பது அடுத்த தொல்லை. அதன்பின் ஒரே செயல்முறைக்கு இரண்டு பக்கங்கள் இருக்கும். திருத்தம் ஏதேனும் ஒன்றில்தான் நடக்கும். இரண்டையும் ஒன்றாக்கி, கைவிடப்பட்ட முகவரியிலிருந்து புதிய இடத்துக்கு 301 என்ற நிரந்தர மாற்றக் குறியீட்டோடு வழி விடுவதே முறை.

இத்தனை நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு பக்கத்தையும் மீளாய்வு செய்யவேண்டும் என்ற விதி பல குழுக்களில் உண்டு. பக்கத்துக்கு ஒரு பொறுப்பாளர் இருப்பது நல்லதுதான். நாட்காட்டியை நம்புவதில்தான் சிக்கல். நினைவூட்டல் வந்ததும் பக்கத்தைப் படிக்காமலேயே “சரிபார்த்தேன்” என்று சொடுக்குவது மிக எளிது. அதன் பிறகு பழைய தகவலுக்குப் புதிய தேதியும் சேர்ந்துவிடும். மாறும் செயலோடு பக்கத்தைக் கட்டிவைப்பது இதைவிட உறுதியானது. மென்பொருள் குழுக்கள் பல, விளக்கக் குறிப்புகளை நிரலோடு சேர்த்து மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் என்ற மென்பொருளின் ஒரே களஞ்சியத்தில் வைக்கின்றன. நிரல் மாற்றத்தைச் சரிபார்ப்பவர், அதற்குரிய குறிப்பு மாறியிருக்கிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடுகிறார்.

கேள்விக்கு நேரடியாக விடை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு உதவியாளர்கள் வந்தபின் பழைய பக்கங்களின் தீங்கு கூடியிருக்கிறது. இவற்றில் பெரும்பாலானவை ஒவ்வொரு பக்கத்தையும் சிறு துண்டுகளாக வெட்டி, துண்டின் பொருளை எண் வரிசையாக மாற்றிவைத்து, கேள்விக்கு மிக நெருங்கிய துண்டுகளை எடுத்துக்கொள்கின்றன. ஒரு செயல்முறையின் பழைய வடிவமும் புதிய வடிவமும் ஏறக்குறைய ஒரே சொற்களில் இருப்பதால் இரண்டும் கேள்விக்கு ஒரே அளவு நெருக்கமாகத் தோன்றும். பக்கத்தின் உச்சியில் “இது காலாவதியானது” என்று போட்டிருக்கும் எச்சரிக்கை, நடுவிலிருந்து வெட்டப்பட்ட துண்டோடு வருவதில்லை. காப்பகத்துக்கு அனுப்பிய பக்கங்களைத் தேடல் அடைவிலிருந்தே விலக்கவேண்டும். எந்தப் பதிப்புக்கு, எந்தக் காலத்துக்குப் பொருந்தும் என்பதை ஒவ்வொரு பகுதியின் முதல் வரியிலேயே எழுதிவிடவேண்டும்.