பாரா டியூட்டி மாறியும் உறங்காத மூளை

நள்ளிரவு தாண்டி நெடுஞ்சாலையில் விபத்து. உடலை அரசு மருத்துவமனைப் பிணவறையில் சேர்க்கிறார் காவல் நிலைய ஏட்டு. இறந்தவர் வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்கிறார். எதிர்முனையில் எழும் அலறலைக் கேட்டு முடித்து, முகம் கழுவிக்கொண்டு காலை வருகைக் கணக்கெடுப்பில் ('ரோல் கால்') வந்து நிற்கிறார். மாலையில் திருவிழா பந்தோபஸ்து.

ஆபத்தைக் கண்டதும் உடம்பில் அட்ரீனலின், கார்டிசோல் என்ற ஹார்மோன்கள் சுரக்கின்றன. படபடப்பு ஏறும், கவனம் கூர்மையாகும். வேலை முடிந்ததும் அந்தக் கார்டிசோலே மூளைக்குப் போய் 'போதும்' என்று சொல்லிச் சுரப்பை அடக்கும். மூச்சுவிட நேரமில்லாமல் அடுத்தடுத்து அழைப்பு வந்தால் இந்த ஏற்பாடு தடுமாறிப்போகிறது. வீட்டில் தட்டு விழுந்தால் ஆள் துள்ளி எழுவார். பக்கத்தில் உட்கார்ந்து மகள் பேசுவது காதில் ஏறாது.

தூக்கமும் போய்விடுகிறது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தால், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்குச் செயல்திறன் மந்தமாகிறது என்று 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. நம் சட்டப்படி 30 மில்லிகிராமைத் தாண்டினாலே வண்டி ஓட்டக் கூடாது. வாகனச் சோதனையில் ஊதச் சொல்லும் காவலரே அந்த நிலையில் நின்றுகொண்டிருக்கலாம்.

பணியால் மனம் தீய்ந்துபோவதற்கு உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் மூன்று அடையாளங்கள் சொன்னார். உணர்வு வற்றிப்போவது ஒன்று. 'என்ன செய்து என்ன ஆகப்போகிறது' என்ற சலிப்பு இன்னொன்று. என்னை அதிகம் யோசிக்க வைப்பது மற்றொன்று: எதிரில் இருப்பவர் மனிதராகவே தெரியாமல் போவது. அழுதுகொண்டு புகார் கொடுக்க வரும் பெண் வெறும் 'கேஸ்' ஆகிவிடுகிறார். இதைத் திமிர் என்கிறோம். பல நேரம் திமிர்தான். ஆனால் இனியும் வலியைத் தாங்க முடியாத மனம் போட்டுக்கொள்ளும் கவசமாகவும் அது இருக்கலாம். அவமானப்பட்டுத் திரும்பும் அந்தப் பெண்ணுக்கு இந்த விளக்கம் ஆறுதலாகாது என்பதும் உண்மை.

சரி, என்ன செய்யலாம்? கொடூரமான சம்பவம் நடந்த உடனே எல்லோரையும் உட்கார வைத்து ஒரே தடவை பேச வைப்பது வெகுகாலம் வழக்கமாக இருந்தது. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அது பிற்கால மனப்பாதிப்பைத் தடுக்கவில்லை என்று தெரிந்தது. தேவைப்படுபவருக்குப் பல அமர்வுகளாகத் தரும் உளவியல் சிகிச்சைக்குப் பலன் உண்டு. அதோடு ஒழுங்கான தூக்கமும் ஓய்வும் வேண்டும்.

தமிழகக் காவல்துறை பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸுடன் சேர்ந்து நிறைவாழ்வுப் பயிற்சி நடத்தியிருக்கிறது. காவலர்களுக்கு வார ஓய்வு தரும் அரசாணையும் 2021இல் வந்தது. இரண்டும் நல்ல தொடக்கம். ஆனால் 'மனசு சரியில்லை' என்று லீவு கேட்டால் கூட இருப்பவர்கள் சிரிப்பார்களோ, பதவி உயர்வில் கை வைப்பார்களோ என்ற பயம் ஆணையால் போகாது. ஆலோசகரிடம் சொன்னது அதிகாரியின் மேசைக்குப் போகாது என்று நம்பும்வரை, அந்த ஏட்டு "ஒண்ணுமில்ல சார், தூக்கம் பத்தல" என்றுதான் சொல்வார்.