அம்மா இருந்தாலும் பிள்ளைக்கு உதவித்தொகை உண்டு

“தாய் உயிரோடுதானே இருக்கிறார், பிறகென்ன?” என்று சொல்லி, பிள்ளைக்கு உதவித்தொகை கேட்டு அலுவலகத்துக்கு வந்த ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்பியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். மஞ்சள் பையில் கணவரின் இறப்புச் சான்றிதழை நான்காக மடித்து வைத்திருந்தார். அதை வாங்கிப் பிரித்துப் பார்க்கக்கூட அங்கே எவரும் இல்லை. அது அவருக்கு மூன்றாவது நடை.

அவருக்குச் சொல்லப்பட்டது தவறு. தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய ‘அன்புக்கரங்கள்’ திட்டம் மாதம் 2,000 ரூபாய் தருகிறது. பெற்றோர் இருவரும் இல்லாத பிள்ளைக்கும், ஒருவர் இறந்து மற்றவரால் வளர்க்க முடியாத பிள்ளைக்கும் உரியது அது. மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் உள்ள நிதி ஆதரவு வேறு: மாதம் 4,000 ரூபாய், 18 வயது வரை. கணவரை இழந்த தாயின் பிள்ளையும் இதற்கு விண்ணப்பிக்கலாம். இந்த ஆதரவை ‘ஸ்பான்சர்ஷிப்’ என்று கேட்டால்தான் பல இடங்களில் புரிகிறது. தாலுகா அலுவலகத்தில் நிற்காதீர்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போங்கள். இடம் தெரியாவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.

அதிகம் பேர் விழுகிற குழி வருமானச் சான்றிதழ். இந்த மத்திய அரசுத் தொகைக்குக் குடும்ப வருமானம் கிராமத்தில் ஆண்டுக்கு 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்தான் உச்சவரம்பு. அப்பா இருந்தபோது வாங்கிய பழைய சான்றிதழைக் கொடுத்தால், இறந்தவரின் சம்பளமே பிள்ளையைத் தகுதியிழக்க வைத்துவிடும்! அம்மாவின் இன்றைய வருமானத்துக்குப் புதிதாக வாங்குங்கள். கையில் வாங்கியதும் தொகையைப் படித்துப் பாருங்கள்.

வீட்டில் சோறு பொங்க ஆளில்லை என்று பிள்ளையை விடுதியில் சேர்க்கும் முன் யோசியுங்கள். சேர்த்தால் இந்தத் தொகை நின்றுவிடும். பாட்டி வீட்டுக்கு அனுப்பினால் நிற்காது, ஆனால் முகவரி மாற்றத்தை அலகுக்கு எழுதிக் கொடுங்கள். துக்கத்தில் பிள்ளை பள்ளிக்குப் போக மறுப்பது இயல்பு. விதிக்கு அது தெரியாது. 30 நாளுக்கு மேல் வருகை தடைபட்டால் தொகையை நிறுத்தி வைக்கலாம். தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே காரணத்தைச் சொல்லிவையுங்கள்.

பாட்டி ஊர் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை, மாற்றுச் சான்றிதழ் தாமதமாகிறது என்று சேர்க்கையை மறுக்க முடியாது. கல்வி உரிமைச் சட்டத்தில் இருக்கிறது, தயங்காமல் சொல்லுங்கள்.

விண்ணப்பம் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள். தகுதி இருந்தாலும் இதற்கென மாவட்டத்தில் உள்ள குழுவின் ஒப்புதல் வேண்டும், அது பல மாதம் இழுக்கலாம். இழுத்தால் அந்தச் சீட்டின் நகலோடு ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். ஒப்புதல் தரும் குழுவுக்குத் தலைவரே மாவட்ட ஆட்சியர்தான்.