பறைத்தோலுக்கு எண்ணெய் தடவாதீர்கள்

சில வருடங்களுக்கு முன் ஒரு கல்லூரி அருங்காட்சியகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கூடை, மீன் பிடிக்கிற ஊத்தா, நெல் அளக்கிற மரக்கால், கலப்பை, ஒரு பறை என்று மானுடவியல் துறையினர் பல காலமாகச் சேர்த்து வைத்தவை. முந்தைய வருடம் யாரோ பார்வையிட வருகிறார்கள் என்று எல்லாவற்றையும் பளிச்சென்று ஆக்கியிருக்கிறார்கள். மரக்காலுக்கு வார்னிஷ், பறைத்தோலுக்குத் தேங்காய் எண்ணெய். எண்ணெய் தடவியவர் அங்கே வேலை பார்த்த ஒரு பெரியவர். "வறண்டு கிடந்துச்சும்மா, பாத்தா பாவமா இருந்துச்சு" என்றார். அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஒரு மழைக்காலம் போனதும் தோலில் சிக்கு வாடை. எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டி, அதன் மேல் சாம்பல் பச்சையில் பூஞ்சைப் புள்ளிகள். அதைக்கூட ஓரளவு எடுத்துவிடலாம், எடுக்க முடியாதது வேறொன்று. பறையை அடிக்கும் முன் சருகோ வைக்கோலோ கொளுத்திக் காய்ச்சுவார்கள்; தோல் இறுகினால்தான் ஒலி எழும்பும். வருடக்கணக்காகக் காய்ச்சிய பறையில் விளிம்பை ஒட்டிக் கருகலும் பழுப்புமாக ஒரு வளையம் படிந்திருக்கும். அந்த வளையம்தான் இது காட்சிக்குச் செய்த பறை இல்லை, வாசித்த பறை என்று சொல்லும் சாட்சி. எண்ணெய் ஊறித் தோல் முழுக்க ஒரே கருப்பாகிவிட்டது. எது நெருப்பு, எது எண்ணெய் என்று இனி யாராலும் பிரிக்க முடியாது.

தூசி வேறு, புழங்கிய தடம் வேறு. அருங்காட்சியகத்துக்கு வந்த பிறகு படிந்த தூசியை மென்மையான தூரிகையால் தட்டி எடுக்கலாம். மூங்கில் குடுவைக்குள் காய்ந்த தேன், முறத்தில் மெழுகிய சாணம், உரலில் தேய்ந்த பள்ளம், அடுப்புக் கரி இதெல்லாம் அழுக்கே இல்லை, பொருளின் பாதி. சந்தேகம் வந்தால் கையை வைக்காமல் இருப்பதே நல்லது. ஈரத்துணி, சோப்பு, புளி, வார்னிஷ் எதுவும் வேண்டாம்.

அப்புறம் பூச்சி. பறைச் சட்டத்தில் தோலை ஒட்டுவதற்குப் புளியங்கொட்டைப் பசை பூசும் வழக்கம் உண்டு. மாவுச்சத்துள்ள பசை, அதன் மேல் தோல், அடியில் மரம். பூச்சிக்கு ஒரே இலையில் மூன்று பதார்த்தம். அந்தப் பறையைத் தூக்கியபோது அடியில் ரவை போல மரத்தூள் சிந்தியிருந்தது. தூளைப் பார்த்ததும் மருந்தடிக்க ஓட வேண்டியதில்லை. சுத்தமாகத் துடைத்துவிட்டு, அடியில் கருப்புக் காகிதம் விரித்து, ஒரு வாரம் ஆட்டாமல் அசைக்காமல் விட்டேன். புதுத்தூள் விழாமலே இருந்திருந்தால் அது பழைய ஓட்டை என்று விட்டிருப்பேன். விழுந்தது. உள்ளே ஆள் இருக்கிறது.

கூடை, துணி, மரச்சாமான் என்றால் பாலித்தீன் பையில் காற்று புகாமல் அடைத்து, மைனஸ் இருபது டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்தால் பெரும்பாலும் போதும். வெளியே எடுத்ததும் பையைப் பிரித்துவிடக் கூடாது. அறைச் சூட்டுக்கு வந்த பிறகே பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் பொருளின் மேல் நீர் பூத்துவிடும். ஆனால் இழுத்துக் கட்டிய தோலை உறைய வைக்க எனக்குத் தைரியம் கிடையாது. தோலும் மரமும் ஒரே அளவில் சுருங்குவதில்லை, கிழியலாம். அதனால் காற்றுப் புகாத தனி உறையில் ஆக்சிஜன் உறிஞ்சும் பொட்டலங்களோடு அடைத்து மூன்று வாரம் வைத்தோம். சாதாரண பாலித்தீன் இதற்கு ஆகாது, காற்று கசியும்.

வசம்பு, வேப்பிலை வைக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். சிறு துணி மூட்டையாகக் கட்டி, பொருளின் மேல் படாமல் வையுங்கள். வரும் பூச்சியைக் கொஞ்சம் தயங்க வைக்கும், உள்ளே குடியிருப்பதைக் கொல்லாது. அந்துருண்டையை நான் சேர்ப்பதே இல்லை.

அதைவிட மோசம் பழைய மருந்துகள். இருபதாம் நூற்றாண்டின் பாதிக்கு மேலும் உலகெங்கும் அருங்காட்சியகங்களில் ஆர்சனிக், பாதரசக் குளோரைடு, டிடிடி எல்லாம் தாராளமாகப் பூசினார்கள். இறகு, மயிர், தோல், துணி உள்ள பழைய பொருளில் இவை இன்னும் இருக்கலாம். அமெரிக்காவில் 1990ல் வந்த சட்டத்தின்படி பழங்குடிகளுக்கு அவர்களுடைய சடங்குப் பொருட்கள் திரும்பிப் போயின. ஹோப்பி மக்களுக்குப் போனவற்றில் ஆர்சனிக் இருந்தது பிறகுதான் தெரிந்தது. சடங்கில் முகத்தில் அணிகிற பொருளில் ஆர்சனிக் என்றால் யோசித்துப் பாருங்கள். ஆகவே பழைய சேகரிப்பைத் தொடும்போது நைட்ரைல் கையுறையும் முகமூடியும் கட்டாயம். படங்களில் காட்டும் வெள்ளைப் பருத்திக் கையுறை அழகாக இருக்கும், ஆனால் வழுக்கும், விஷத்தையும் தடுக்காது.

ஈரப்பதத்துக்கு ஒரு வரி போதும்: நூற்றுக்கு அறுபத்தைந்தைத் தாண்டவிடாதீர்கள், அதைவிட முக்கியமாக ஏற்றி இறக்காதீர்கள். பகலில் ஏசி, மாலை ஐந்து மணிக்கு நிறுத்தம் என்பதைவிட ஏசியே இல்லாமல் மின்விசிறியும் திறந்த ஜன்னலும் எவ்வளவோ மேல்.

இத்தனையும் செய்தாலும் பதிவேடு இல்லாவிட்டால் கையில் மிஞ்சுவது கட்டையும் தோலும்தான். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் வளரிகள், அதாவது எறிந்து தாக்குகிற வளைந்த ஆயுதங்கள், இருக்கின்றன. தஞ்சாவூர் ஆயுதசாலையிலிருந்து வந்த, தந்தத்தில் செய்த வளரிகள் இரண்டு, புதுக்கோட்டையிலிருந்து வந்த மர வளரி ஒன்று என்று அங்கே கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் குறித்து வைத்தார். அதோடு விடாமல் புதுக்கோட்டைத் திவானிடம் விசாரித்து, அது எந்த மரத்தில் செய்வது, எப்படி எறிவது என்று வந்த பதிலையும் அச்சில் ஏற்றினார். அவர் மனிதர்களின் மூக்கையும் மண்டையையும் அளந்துகொண்டு திரிந்ததை நான் மன்னித்துவிடவில்லை. ஆனாலும் அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் வளைந்த தந்தத்துண்டு என்றுதான் இன்று சீட்டு ஒட்டியிருப்போம்.

வரிசை எண்ணை மார்க்கர் பேனாவால் பொருளின் மேல் எழுதாதீர்கள். பருத்தி நாடாவில் எழுதித் தளர்வாகக் கட்டுங்கள். யார் கொடுத்தார், எந்த ஊர், ஊரில் அதற்கு என்ன பெயர், எப்போது வந்தது, இவை பதிவேட்டில் இருக்க வேண்டும். பதிவேட்டுக்கு ஒரு நகல் வேறு கட்டிடத்தில் இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இல்லாமல் இல்லை. எழும்பூரில் 1930களிலிருந்தே ரசாயனப் பாதுகாப்புப் பிரிவு இயங்குகிறது.

ஆனால் வேதியியல் தெரிந்தவர்களை மட்டும் கேட்டால் போதாது. 2019ல் எடின்பரோ பல்கலைக்கழகம் தன்னிடம் இருந்த வேடர்களின் ஒன்பது மண்டையோடுகளை இலங்கையின் பூர்வகுடிகளான வேடர் சமூகத் தலைவரிடம் ஒப்படைத்தது. 2020ல் ஆக்ஸ்ஃபோர்டின் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகம் சுருக்கிய மனிதத் தலைகளைக் காட்சியிலிருந்து எடுத்துவிட்டது. பொருளுக்கு உரியவர்களிடம் கேட்க வேண்டும் என்பது அங்கெல்லாம் இவ்வளவு தாமதமாகத்தான் உறைத்திருக்கிறது. நம் ஊரில் கேட்கச் செலவு ஒரு பேருந்துக் கட்டணம்.

அந்தக் கல்லூரிப் பறைக்காகப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பறை ஆசானை அழைத்து வந்தோம். எழுபது வயதிருக்கும். பறையை வாங்கித் தட்டிப் பார்க்கவில்லை, விளிம்பைத்தான் விரலால் தடவினார். "எண்ணெய் போட்டுட்டாங்களா" என்று மட்டும் கேட்டார். பிறகு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த குட்டையான அடிகுச்சியைப் பார்த்துவிட்டு, "இன்னொரு குச்சி எங்கம்மா?" என்றார்.

"ஒண்ணுதான்யா இருக்கு."

"ஒரு குச்சிய வச்சு எப்படிம்மா அடிக்கிறது? இடது கைக்கு மூங்கில் சிம்புல நீளமா ஒண்ணு இருக்கணுமே."

கிடங்கில் தேடினோம். உடைந்த கூடைகளுக்கான அட்டைப்பெட்டியில், "மூங்கில் சிம்பு, உபயோகமில்லை" என்று எழுதிய உறைக்குள் கிடந்தது. ஒரு முனை கைபட்டு வழவழப்பாகியிருந்தது. அவர் சொன்ன பெயரிலேயே, சிண்டுக்குச்சி என்று, அன்று மாலை பதிவேட்டில் ஏற்றினோம். அதற்கு எண்ணெய் தடவியிருக்கவில்லை.