தடித்த இரும்பு உங்களைக் காப்பாற்றாது

போன வாரமும் ஒரு ஃபோர்டு மாடல் ஏ வந்தது. 1930 கூப்பே, கூரையைத் தாழ்த்தி, மேட் கறுப்பு அடித்து, பார்க்க அவ்வளவு லட்சணம். "ஸ்டியரிங் லேசாக ஆடுகிறது, அலைன்மென்ட் மட்டும் பார்த்துக் கொடுங்கள்" என்றார் ஓனர். அலைன்மென்ட் மட்டும் என்று சொல்லிக்கொண்டு பட்டறைக்குள் நுழைகிற ஹாட் ராடை (பழைய காரை மாற்றிக் கட்டிய வண்டி) கண்டாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். லிஃப்டில் ஏற்றி, முன் ஆக்ஸிலைப் பிடித்திருக்கும், கொண்டை ஊசி வடிவ ஹேர்பின் கம்பி சேஸிஸோடு சேருகிற பிராக்கெட்டைப் பார்த்தேன். அரை அங்குலத் தகடு. வெல்டிங்கைக் கிரைண்டரால் வழவழவென்று தேய்த்து, மேலே பட்டி பார்த்து, பெயின்ட். சுரண்டிச் சுத்தம் செய்துவிட்டு, விரிசல் பார்க்கும் சிவப்புச் சாயத்தை அடித்துக் கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் துடைத்து, வெள்ளை டெவலப்பரைத் தெளித்தேன். முதலில் ஒரு புள்ளி கசிந்தது. அப்புறம் அது நீண்டு, பிராக்கெட்டின் மேல் விளிம்பு முழுக்க முடியளவு சிவப்புக் கோடாக வந்து நின்றது. அந்த வண்டியில்தான் மகனைப் பக்கத்தில் உட்காரவைத்து ஃப்ரீவேயில் ஓட்டி வந்திருக்கிறார்.

கோட்டைக் காட்டினால் அவர் சொன்ன பதில்: "கால் அங்குலக் கனத்தில் குழாய் போட்டுச் செய்த ஃப்ரேம் சார், டேங்க் மாதிரி."

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். தெற்குக் கலிபோர்னியாவில் சேஸிஸ் வேலை பார்க்கிறவன் நான். ஹாட் ராடின் பிறந்த வீடே இதுதான். மூரோக் உலர் ஏரியில் பையன்கள் பழைய ஃபோர்டுகளை விரட்டி விளையாடியது, 1937-இல் எஸ்.சி.டி.ஏ. என்கிற பந்தயச் சங்கம் (சதர்ன் கலிபோர்னியா டைமிங் அசோசியேஷன்) தொடங்கியது எல்லாம் இந்தப் பக்கத்துக் கதை. அதனால் பழைய ஃபோர்டுக்குச் சொந்தமாக சேஸிஸ் கட்டும் ஆசையை நான் கேலி செய்யப் போவதில்லை. அழகான வேலைதான். ஆனால் தடிமன்தான் பலம் என்கிற நம்பிக்கை இருக்கிறதே, அதை மட்டும் கழற்றி வெளியே வைத்துவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.

கணக்கு போட்டே காட்டுகிறேன். 2-க்கு 3 அங்குலப் பெட்டிக் குழாய், சுவர் கனம் 1/8 அங்குலம் (நம்மூர்ப் பட்டறைக் கணக்கில் ஒரு நூல்) என்று வைத்துக்கொள்வோம். பயம் வந்து சுவரை இரண்டு நூலாக்குகிறீர்கள். எடை ஏறக்குறைய 1.9 மடங்காகிறது, வளையாமல் நிற்கும் விறைப்பு சுமார் 1.75 மடங்குதான் கூடுகிறது. அதே ஒரு நூல் கனத்தை விட்டுவிட்டு, குழாயின் உயரத்தை மட்டும் 3 அங்குலத்திலிருந்து 4 ஆக்குங்கள். எடை ஐந்தில் ஒரு பங்குதான் ஏறும், விறைப்பு இரண்டு மடங்காகும். குழாயைப் படுக்கப்போட்டால் வந்ததெல்லாம் போச்சு. உயரம்தான் வேலை செய்கிறது, கனம் உடன் வருகிறது, அவ்வளவுதான்.

இன்னொன்று முறுக்கம். மாடல் ஏ ஃப்ரேம் ஒரு பக்கம் திறந்த, ஆங்கில C வடிவ சேனல், ரிவெட் அடித்த குறுக்குச் சட்டங்கள். 40 குதிரைத்திறன் எஞ்சினுக்கும் அன்றைய மண் சாலைக்கும் செய்தது, கொஞ்சம் முறுக்கிக்கொடுப்பது அதன் சுபாவம். அந்த சேனலின் திறந்த பக்கத்தை ஒரு நூல் தகட்டால் அடைத்துப் பெட்டியாக்கினால், 4 அங்குல உயரமுள்ள சட்டத்தில் முறுக்கத்தைத் தாங்கும் விறைப்பு நூற்றுக்கணக்கான மடங்கு கூடும். ஆமாம், நூற்றுக்கணக்கான மடங்கு. அடைக்காமல் சேனலையே தடித்த இரும்பில் செய்து போட்டால் இதில் கால்வாசி பலன்கூட வராது. ஆனால் பத்தில் எட்டுப் பேர் கடையில் போய்க் கேட்பது, "இன்னும் கனமான சேனல் இருக்கா?"

அதே ஆட்கள்தான் பின் ஆக்ஸிலுக்கு இடம் வேண்டும், வண்டி இன்னும் தாழ வேண்டும் என்று சட்டத்தின் அடியில் அரை வட்டமாக வெட்டி எடுப்பார்கள். 4 அங்குல உயரத்தில் 2 அங்குலத்தை வெட்டி எடுத்துவிட்டு, வெட்டிய இடத்தை ஒழுங்காக மூடினாலும் அந்த இடத்தின் விறைப்பு ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கிவிடும். கால் அங்குல இரும்பு என்று பெருமைப்பட்டுக்கொண்டு, பின்னால் போய் உயரத்தை நறுக்குவதில் என்ன அர்த்தம்? இடம் வேண்டுமென்றால் சட்டத்தையே மேலே தூக்கி வளைத்துக் கட்டுங்கள். வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் உள்பக்கமும் மேல்பக்கமும் தகடு சேர்த்து, இழந்த உயரத்தை வேறு வழியில் திருப்பிக் கொடுங்கள். அழகுக்குத் துளை போடுகிறவர்கள் சட்டத்தின் நடு உயரத்தில் போடுங்கள். மேல் கீழ் விளிம்பை நெருங்காதீர்கள்.

சரி, அந்த பிராக்கெட் ஏன் விரிசல் விட்டது? தகடு மெலிந்தா? அரை அங்குலம்! பழைய ஃபோர்டில் முன் ஆக்ஸிலைப் பின்னாலிருந்து தாங்குகிற விஷ்போன் ஒரே ஒரு பந்து மூட்டில் நடுவில் வந்து முடியும். ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் மொத்தமும் அந்தப் பந்தைச் சுற்றிச் சுழன்றுகொடுக்கும், எதற்கும் வலிக்காது. எஞ்சினுக்கோ கியர்பாக்ஸுக்கோ இடம் வேண்டும் என்று அந்த விஷ்போனை இரண்டாகப் பிளந்து இரு பக்கச் சட்டத்திலும் மாட்டுகிறோம், அல்லது ஹேர்பின் போடுகிறோம். இப்போது ஒரு சக்கரம் ஏறினால் ஆக்ஸில் முறுக்கிக்கொண்டே ஆக வேண்டும். அடித்துச் செய்த ஐ-பீம் (ஆங்கில I வடிவ) ஆக்ஸில் அந்த அளவுக்கு முறுக்கிக்கொடுக்கும். குழாய் ஆக்ஸில் கொடுக்காது. அது கொடுக்காத முறுக்கமெல்லாம் ஒவ்வொரு பள்ளத்திலும், ஒவ்வொரு டிரைவ்வே ஏற்றத்திலும் பிராக்கெட்டிலும் அதன் வெல்டிங்கிலும் போய் இறங்கும். பிராக்கெட்டை இன்னும் தடிமனாக்கினால் விரிசல் பக்கத்துக்கு நகர்ந்து சட்டத்தின் சுவரில் வரும். குழாய் ஆக்ஸில் பிடித்திருக்கிறதா, நான்கு கம்பி போடுங்கள், அது இணையாக ஏறி இறங்கும். ஹேர்பின் அழகுதான் வேண்டுமா, ஐ-பீம் போடுங்கள். குழாய் ஆக்ஸிலும் ஹேர்பினும் ஒன்றாக வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

"அந்தக் காலத்தில் பதினெட்டு வயசுப் பையன் கேஸ் டார்ச்சை வைத்துக்கொண்டு கொல்லைப்புறத்தில் செய்யவில்லையா?" செய்தான். 1932-இல் ஃபோர்டு விட்ட ஃப்ளாட்ஹெட் வி8-க்கு 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். ஒல்லியான டயர், பிடிப்பும் கம்மி. நீங்கள் வைப்பது 350 கன அங்குல செவர்லே எஞ்சின், அகலமான ரேடியல் டயர், நல்ல பிரேக். பிடிப்பு கூடக்கூட சேஸிஸில் இறங்குகிற சுமையும் கூடும். அந்தப் பையன்களில் எத்தனை பேர் கை கால் இழந்தார்கள் என்பதை எந்த ஷோவிலும் பலகை வைத்துக் காட்டுவதில்லை. ஏரிப் பந்தயக்காரர்களே ஓட்டுவதற்கு முன் வண்டியைச் சோதித்துத்தான் விட்டார்கள்.

வெல்டிங்குக்கு வருவோம். வீட்டுப் பிளக்கில் மாட்டுகிற 120 வோல்ட் சின்ன மிக் மெஷினை வைத்துக்கொண்டு ஒன்றரை நூல், இரண்டு நூல் இரும்பை ஒட்டுகிறீர்கள். மேலே பார்த்தால் மணி மணியாக அழகாக இருக்கும், அடியில் இரும்பு உருகியே இருக்காது. அது தெரியாமல் கிரைண்டரை எடுத்து மேலே நிற்கிற கொஞ்சநஞ்சத்தையும் தேய்த்துவிடுகிறீர்கள். அப்புறம் அங்கே மிச்சம் இருப்பது பட்டிதான். ஷோவில் கையை வைத்துத் தடவிப் பார்த்து "ஜாயின்ட்டே தெரியலையே" என்று பாராட்டுகிறார்களாம். மூலை வெல்டிங்கின் பலமே அந்த மேடுதான், அதைத் தொடாதீர்கள். மட்டமாகத்தான் வேண்டும் என்றால் விளிம்புகளை முதலிலேயே சாய்வாகச் செதுக்கி, இடைவெளி விட்டு, அடிவரை உருகும்படி போட்டுவிட்டுத் தேயுங்கள்.

உங்கள் கை எப்படி என்று தெரிய வேண்டுமா? சேஸிஸில் போடுகிற அதே இரும்பில் இரண்டு துண்டு வெட்டி, அதே மெஷினில், அதே செட்டிங்கில் ஒட்டி, வைஸில் கடித்துக்கொண்டு சுத்தியலால் வளைத்துப் பாருங்கள். இரும்பு வளைந்தால் மேலே யோசிக்கலாம். வெல்டிங் வாயைத் திறந்தால், தயவுசெய்து, டாக் மட்டும் (அங்கங்கே சின்னப் புள்ளி வெல்டிங்) அடித்து வைத்துவிட்டு முழு வெல்டிங்கைத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை, நானே இந்த மாதிரி டாக் அடித்த ஃப்ரேம்களை வாங்கி முடித்துக் கொடுப்பவன்தான்.

சட்டங்களை நீளவாக்கில் ஒட்டும்போது செங்குத்தாக நேராக வெட்டாதீர்கள். சாய்த்து வெட்டுங்கள், இரு முனையும் கூரான தகட்டை மேலே சேர்த்து ஒட்டுங்கள். பெட்டியாக அடைக்கும் தகட்டை ஒரே மூச்சில் இழுத்து ஒட்டினால் சட்டம் வில்லாக வளைந்துவிடும், பிறகு யார் வந்தாலும் நிமிர்த்த முடியாது. மேஜையில் இறுகக் கட்டி, இரண்டு அங்குலம் இங்கே, இரண்டு அங்குலம் அந்தக் கோடியில் என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். முழுக்க ஆறிய பிறகு கட்டை அவிழுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் மூலைக்கு மூலை அளந்து பாருங்கள். கராஜ் தரை மட்டம் என்று நினைப்பதை விடுங்கள், அது தண்ணீர் ஓடுவதற்காகச் சரித்துப் போட்ட தரை.

வேலையின் வரிசையையும் தலைகீழாகச் செய்கிறார்கள். சட்டம் முதலில் வராது. எந்த டயர், வண்டி எந்த உயரத்தில் நிற்க வேண்டும், எஞ்சின் எங்கே உட்காரும், இந்த மூன்றும் முடிவான பிறகுதான் முதல் வெட்டு. ஃப்ரேமை மேஜையில் மட்டமாக வைத்து காஸ்டர் கோணம் (சக்கரம் திரும்புகிற அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) 6 டிகிரி பிடித்துவிட்டு, பிறகு மூக்கு தாழ வேண்டும் என்று 3 டிகிரி சரித்து நிறுத்தினால் மிச்சம் 3 டிகிரி. முன் ஆக்ஸில் நேர் ஆக்ஸிலாக இருக்கிற வண்டிக்கு 5 முதல் 7 வரை வேண்டும். குறைந்தால் ஸ்டியரிங் அலைகிறது, உதறுகிறது என்று அலைன்மென்ட்டுக்கு வந்து நிற்பீர்கள்.

குறுக்கு ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டு, செவர்லே வேகா காரில் இருப்பது மாதிரி குறுக்காகத் தள்ளுகிற ஸ்டியரிங் பாக்ஸ் போட்டால், ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் சேஸிஸோடு பிடிக்கிற பான்ஹார்ட் கம்பி கட்டாயம். இல்லாவிட்டால் நீங்கள் திருப்புகிற முதல் திருப்பு சக்கரத்துக்குப் போகாது, ஸ்பிரிங் முனையைப் பிடித்திருக்கும் ஷாக்கிள் ஆடி ஆக்ஸில் பக்கவாட்டில் நகரும். அந்தக் கம்பி, ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகிற டிராக் லிங்க்குக்கு இணையாகவும் கிட்டத்தட்ட அதே நீளத்திலும் இருக்கட்டும்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஸ்டியரிங் ஆர்மைச் சூடாக்கி வளைத்துவிட்டுத் தண்ணீரில் முக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அது நொறுங்குகிற இரும்பாகிவிடும், செய்யாதீர்கள். குரோம் பூசினால், பூசும்போது இரும்புக்குள் புகுந்து அதை நொறுங்கவைக்கிற ஹைட்ரஜனை, பூசியவுடன் அடுப்பில் வைத்துச் சூடாக்கி வெளியேற்றினார்களா என்று கேளுங்கள். பூசுகிறவர் முழிக்கிறார் என்றால் ஸ்டியரிங், சஸ்பென்ஷன் சாமான் எதையும் அவரிடம் கொடுக்காதீர்கள். சக்கர ரிம்மின் கீழ் விளிம்புக்குக் கீழே சேஸிஸின் எந்தப் பாகமும் தொங்கக் கூடாது. டயர் வெடித்த நொடியில் ரோட்டில் குத்துவது அந்தப் பாகம்தான். பிரேக் மாஸ்டர் சிலிண்டர் வண்டித் தரைக்கடியில் வீல் சிலிண்டரைவிடத் தாழ்வாக இருந்தால், பிரேக் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தைத் தக்கவைக்கிற ரெசிடுவல் வால்வு போடுங்கள், டிஸ்க்குக்கு 2 பி.எஸ்.ஐ., டிரம்முக்கு 10. பந்து மூட்டுக் கம்பிகளின் வெளிப்பக்கம் பெரிய வாஷர் வையுங்கள், மூட்டு தேய்ந்து கழன்றாலும் கம்பி பிடித்துக்கொண்டிருக்கும். நட்டு கழலாமல் பூட்டுகிற காட்டர் பின் போட வேண்டிய இடத்தில் ஆணி போட்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி இங்கே எழுதினால் கெட்ட வார்த்தை வந்துவிடும்.

புது ஃப்ரேம் கட்டி முடித்ததும் பழையதை ஸ்கிராப்பில் வீசிவிடுகிறீர்கள். மாடல் ஏ-யின் எண் இடது பக்கச் சட்டத்தின் மேல் முகத்தில், பாடிக்கு அடியில் அடித்திருக்கும். வண்டியின் பத்திரம் அந்த எண்ணை நம்பித்தான் நிற்கிறது. அந்தத் துண்டை வெட்டிப் புதுச் சட்டத்தில் ஒட்டுவதோ, எண்ணை நீங்களே பொறித்துக்கொள்வதோ சிறைக்குப் போகிற சமாச்சாரம். முதல் குழாயை வாங்குவதற்கு முன்பே உங்கள் மாநில டி.எம்.வி. (வாகனப் பதிவு) அலுவலகத்தில் போய், இதை எந்த வகையில் பதிவு செய்ய வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். வண்டி ரோட்டுக்கு வந்து முதல் 500 மைல் ஆனதும் வெல்டிங் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, கையில் டார்ச்சோடு கீழே படுத்துப் பாருங்கள். அதுவரைக்கும் அந்த இடங்களுக்கு வெளிர் நிறப் பெயின்ட் மட்டும் அடித்து வையுங்கள், கறுப்பில் விரிசல் தெரியாது.