புது லேப்டாப்பில் கீபோர்டு கோளாறு: நுகர்வோர் சட்டத்தில் உங்களுக்கு என்ன உரிமை, அதை எப்படிப் பெறுவது?

வாங்கி ஒரு வாரம்கூட ஆகாத லேப்டாப்பில் ஒரு எழுத்து விழவே மாட்டேன் என்கிறது. அல்லது ஒரு தட்டுக்கு இரண்டு முறை விழுகிறது. கடையில் போய்க் கேட்டால் "அதெல்லாம் கம்பெனி பாத்துக்கும், சர்வீஸ் சென்டருக்குப் போங்க" என்பார்கள். சர்வீஸ் சென்டரில் "கீபோர்டை மாத்தித் தருவோம், புது லேப்டாப் தர்றது எங்க கையில இல்ல" என்பார்கள். இரண்டும் பாதி உண்மை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 விற்றவர் மீதும் தயாரித்தவர் மீதும் முறையிட வழி செய்கிறது. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த இது, 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் கோளாறு என்றாலே புதுப் பொருள் கொடுத்தாக வேண்டும் என்று இந்தச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. பழுது நீக்கமா, மாற்றுப் பொருளா, பணமா என்பது பெரும்பாலும் முதல் சில நாட்களில் நீங்கள் எதையெல்லாம் எழுத்தில் வாங்கி வைத்தீர்கள் என்பதைப் பொறுத்தே முடிவாகிறது.

முதலில், அது கோளாறுதானா?

புகார் கொடுக்கும் முன் அரை மணி நேரம் செலவழித்துச் சோதித்துவிடுங்கள். சர்வீஸ் சென்டரில் "செட்டிங்ஸ்தான் சார்" என்று ஒரு முறை எழுதிவிட்டால் அதுவே பிறகு உங்களுக்கு எதிரான காகிதம்.

விண்டோஸில் வலது ஷிஃப்டை எட்டு நொடி அழுத்திப் பிடித்தால் ஃபில்டர் கீஸ் வரும். அது ஓடினால் வேகமாகத் தட்டும் எழுத்துகள் விழாது. ஷிஃப்டை ஐந்து முறை தட்டினால் ஸ்டிக்கி கீஸ். இரண்டையும் அணைத்துவிட்டுப் பாருங்கள். மேற்கோள் குறி தட்டினால் 'அட்' குறி விழுகிறது, 'அட்' தட்டினால் மேற்கோள் விழுகிறது என்றால் அது கோளாறே இல்லை. அமெரிக்க அமைப்புக்குப் பதில் பிரிட்டன் அமைப்பு தேர்வாகியிருக்கிறது, அவ்வளவுதான். ஒரே நேரத்தில் நான்கைந்து கீயை அழுத்தினால் ஒன்றிரண்டு பதிவாகாமல் போவதும் சாதாரண லேப்டாப் கீபோர்டின் இயல்பு. அதை வைத்து வழக்கு நிற்காது.

அடுத்து, யூஎஸ்பி கீபோர்டு ஒன்றைச் செருகிப் பாருங்கள். அதில் எல்லா எழுத்தும் ஒழுங்காக விழுந்து, லேப்டாப்பின் சொந்தக் கீபோர்டில் மட்டும் விழாவிட்டால் சந்தேகம் வன்பொருள் மீது திரும்புகிறது. விண்டோஸ் தொடங்கும் முன்பே ஓடும் சோதனை நிரல் பல லேப்டாப்களில் இருக்கிறது. டெல்லில் எஃப்12 வழியாகவும் எச்பியில் எஃப்2 வழியாகவும் அதற்குள் போகலாம். அங்கேயும் அந்தக் கீ பதிவாகவில்லை என்றால் மென்பொருளைக் காரணம் காட்ட யாராலும் முடியாது. திரையில் வரும் பிழை எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கீ என்பதைவிட எந்த மாதிரி என்பதும் முக்கியம். ஒரே ஒரு கீ அழுந்தாமல் இருந்தால் அடியில் இருக்கும் கத்தரி போன்ற பிளாஸ்டிக் கிளிப்போ ரப்பர் குமிழோ காரணமாக இருக்கலாம். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நான்கைந்து கீகள் ஒன்றாகச் செத்திருந்தால், உள்ளே ஒரே தடத்தில் இணைந்த கீகள் அவை. தடம் அறுந்திருக்கும், அல்லது மதர்போர்டுக்குப் போகும் ரிப்பன் கேபிள் சரியாக உட்காராமல் இருக்கும். இரண்டாவது வகை, வாங்கியபோதே இருந்த தயாரிப்புக் குறை என்று காட்ட எளிது.

ஒரு எச்சரிக்கை: கீயின் மூடியை நகத்தாலோ ஸ்க்ரூடிரைவராலோ நெம்பாதீர்கள். கிளிப் உடைந்தால் அது "பயன்படுத்தியவர் செய்த சேதம்". எந்த நிறுவனத்தின் வாரண்டியும் அதற்குப் பொருந்தாது. தண்ணீர், தேநீர் சிந்தியதற்கும் அதே கதைதான்.

சட்டத்தில் எந்தப் பிரிவு?

மூன்று பிரிவுகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

பிரிவு 2(10) 'குறைபாடு' என்றால் என்ன என்று சொல்கிறது. சட்டப்படியோ ஒப்பந்தப்படியோ விற்பவர் சொன்னபடியோ இருக்க வேண்டிய தரத்தில் எந்தக் குறை இருந்தாலும் அது குறைபாடு. லேப்டாப் மொத்தமாக ஓடாமல் போயிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரு கீ வேலை செய்யாததும் குறைபாடுதான். பின்விளக்கு உண்டு என்று விளம்பரப்படுத்தி விற்ற கீபோர்டில் பாதி எரியாததும் குறைபாடுதான்.

பிரிவு 2(47) முறையற்ற வணிக நடைமுறைகளைப் பட்டியலிடுகிறது. பில் தராதது அதில் ஒன்று. குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது இன்னொன்று. பில்லில் காலக்கெடு சொல்லியிருந்தால் அதற்குள், சொல்லாவிட்டால் 30 நாட்களுக்குள் தர வேண்டும். ஆகவே "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று பில்லின் அடியில் அச்சடித்திருப்பதைப் பார்த்து ஒதுங்கிவிடாதீர்கள். நிறம் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்கப் போகிறவரிடம் அந்த வரியைக் காட்டலாம். குறைபாடுள்ள பொருளோடு வருபவரை அதைக் காட்டித் திருப்பி அனுப்புவது இந்தப் பிரிவில் மாட்டும். அதே காரணத்தால் அந்த 30 நாளும் உங்களுக்கு முக்கியம். அதற்குள் எழுத்தில் கேட்டிருக்க வேண்டும்.

பிரிவு 39, நுகர்வோர் வழக்குகளை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையம் என்னென்ன உத்தரவிடலாம் என்கிறது: குறையை நீக்கித் தருவது, அதே வகையான குறையில்லாத புதுப் பொருள் தருவது, கொடுத்த விலையை வட்டியோடு திருப்புவது, இழப்பீடு, வழக்குச் செலவு. இதில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது ஆணையத்தின் கையில். ஒரே தடவை பழுது பார்த்துச் சரியான கீபோர்டுக்கு முழு விலையைத் திருப்பித் தரச் சொல்வது அரிது. இரண்டு முறை மாற்றியும் அதே கோளாறு வந்தால் நிலைமை வேறு.

இதே சட்டத்தில் 'பொருள் பொறுப்பு' என்றொரு அத்தியாயம் இருக்கிறது. அது பொருளால் உடலுக்கோ வேறு உடைமைக்கோ நேர்ந்த தீங்குக்கானது. கீபோர்டு வேலை செய்யாததற்கு அதை மேற்கோள் காட்டி நோட்டீஸ் அனுப்பினால் எதிர்தரப்பு வக்கீல் சிரிப்பார்.

கம்பெனி பெயரில் பில் போட்டவர்கள் கவனிக்க

மறுவிற்பனைக்கோ வணிக நோக்கத்துக்கோ வாங்கியவர் 'நுகர்வோர்' ஆக மாட்டார். சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே வாங்கி, தானே பயன்படுத்துபவருக்கு மட்டும் விலக்கு உண்டு. வீட்டிலிருந்து மொழிபெயர்ப்பு செய்பவர், சொந்தமாக டிசைன் வேலை செய்பவர் இதில் வருவார்கள். ஆனால் வரிச் சலுகைக்காக நிறுவனத்தின் பெயரிலும் ஜிஎஸ்டி எண்ணிலும் பில் போட்டு வாங்கியிருந்தால், எதிர்தரப்பு எடுக்கும் முதல் ஆட்சேபணையே "இவர் நுகர்வோர் இல்லை" என்பதாகத்தான் இருக்கும். சொந்த உபயோகத்துக்கு என்றால் சொந்தப் பெயரிலேயே பில் வாங்குங்கள்.

ஆன்லைனில் வாங்கியிருந்தால்

மின்வணிக விதிகள், 2020 தனியாக இருக்கின்றன. தளத்தின் குறைதீர் அலுவலர் உங்கள் புகாரைப் பெற்றதாக 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தர வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்பதும் அந்த விதிகளிலேயே உண்டு. நடைமுறையில் தளங்கள் சில நாட்களே மாற்று அவகாசம் தருகின்றன. அது முடிந்ததும் செயலியில் அந்தப் பொத்தானே காணாமல் போய்விடும். பொத்தான் போனதால் உரிமை போய்விடாது, ஆனால் சண்டை நீளும். அதனால் பெட்டியைப் பிரித்த அன்றே எல்லா கீயையும் ஒரு முறை தட்டிப் பார்த்துவிடுங்கள். ஸ்பேஸ்பாரை இரண்டு முனையிலும் தனித்தனியாகத் தட்டுங்கள். நடுவில் வேலை செய்து ஓரத்தில் செய்யாதது அடிக்கடி கண்ணில் படாமல் போகும் குறை. பெட்டியையும் உள்ளிருந்த அட்டைகளையும் அந்த அவகாசம் முடியும்வரை தூக்கிப் போடாதீர்கள்.

அன்றே நிறுவனத்தின் தளத்தில் சீரியல் எண்ணைப் போட்டு வாரண்டி எந்தத் தேதியில் தொடங்குகிறது என்றும் பாருங்கள். கடையில் பல மாதம் கிடந்த பெட்டி என்றால் வாரண்டி ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருக்கலாம். பில்லை அனுப்பித் திருத்தச் சொல்லலாம்.

ஜாப் ஷீட்டில்தான் எல்லாம் இருக்கிறது

சர்வீஸ் சென்டரில் லேப்டாப்பை வாங்கிக்கொண்டு ஒரு தாள் தருவார்கள், அதுதான் ஜாப் ஷீட். அதில் "கீபோர்டு இஷ்யூ" என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவது வழக்கம். அதற்குக் கையெழுத்துப் போடாதீர்கள். "வாங்கிய தேதி இன்னது, ஆறாம் நாளிலிருந்து 'ஏ' கீ ஒரு தட்டுக்கு இரண்டு முறை விழுகிறது, வெளிக் கீபோர்டில் இந்தக் கோளாறு இல்லை, திரவம் சிந்திய தடயமோ உடைசலோ வெளியே இல்லை" என்று எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் அதே வாசகத்தை அங்கிருந்தபடியே மின்னஞ்சலில் அனுப்பி, ஜாப் ஷீட் எண்ணைக் குறிப்பிடுங்கள். கடைசிச் சொற்றொடர் ஏன் என்றால், திறந்து பார்த்த பிறகு "உள்ளே தண்ணீர் போயிருக்கிறது" என்று சொல்லி வாரண்டியை மறுப்பதுதான் அதிகம் நடப்பது. அப்படிச் சொன்னால் எந்த இடத்தில் என்று புகைப்படத்தோடு எழுத்தில் கேளுங்கள்.

மாற்றுப் பொருள் கேட்பதா, பழுதுக்கு ஒப்புக்கொள்வதா? கடை அல்லது தளத்தின் மாற்று அவகாசம் இருக்கும்வரை பழுதுக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. புதுப் பொருளைப் பிரித்து மாட்டும் வேலை நீங்கள் நினைப்பதைவிடப் பெரியது. மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் கீபோர்டு மேல்தகட்டோடு பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டப்பட்டிருக்கும். கீபோர்டு மாற்றுவது என்றால் பேட்டரி, மதர்போர்டு எல்லாவற்றையும் கழற்றி அந்த மேல்தகட்டையே மாற்றுவது. அவகாசம் முடிந்திருந்தால் ஒரு முறை பழுதுக்குக் கொடுங்கள். ஆனால், "மாற்றுப் பொருள் கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்காமல் பழுதுக்கு ஒப்புக்கொள்கிறேன்" என்று ஒரு வரி மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் கொடுங்கள். கொடுக்கும் முன் தரவுகளை நகலெடுத்து, பிட்லாக்கர் (விண்டோஸின் வட்டுப் பூட்டு வசதி) மீட்பு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்ததும் கவுன்டரிலேயே வைத்து டச்பேட், கைரேகை உணரி, பவர் பட்டன், பின்விளக்கு, வைஃபை எல்லாவற்றையும் பாருங்கள். ஓரங்களில் இடைவெளி தெரிகிறதா என்றும் பாருங்கள். மாற்றிய பாகம் புதியதா, சீர்செய்ததா, அதற்கு எவ்வளவு நாள் வாரண்டி என்று ஜாப் ஷீட்டில் எழுதி வாங்குங்கள்.

ஒரு மாடலின் கீபோர்டு வடிவமைப்பிலேயே குறை இருந்தால் நிறுவனமே வாரண்டிக்கு அப்பாலும் இலவசமாகப் பழுது பார்க்கும் திட்டம் அறிவிப்பதுண்டு. ஆப்பிள் தன் பட்டர்ஃபிளை வகைக் கீபோர்டுகளுக்கு 2018-இல் அப்படி அறிவித்து, முதல் விற்பனையிலிருந்து நான்கு ஆண்டு அவகாசம் தந்தது. உங்கள் மாடலுக்கு அப்படி ஏதும் இருக்கிறதா என்று நிறுவனத்தின் தளத்தில் தேடிப் பாருங்கள்.

1915

கடையும் சர்வீஸ் சென்டரும் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். பில், ஜாப் ஷீட்டைப் பதிவேற்றி இணையத்திலும் புகார் தரலாம். புகாரை அவர்கள் நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்குவார்கள். பெரிய பிராண்டுகள் இதற்குப் பெரும்பாலும் பதில் சொல்லும். ஆனால் இது நீதிமன்றம் இல்லை, உத்தரவு போட அவர்களால் முடியாது. இங்கே புகார் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதால் வழக்குத் தொடுக்கும் காலக்கெடு நின்றுவிடாது.

மாவட்ட நுகர்வோர் ஆணையம்

கோளாறு எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். தாமதமானால் காரணம் காட்டி மன்னிக்கக் கேட்கலாம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம், ஆக லேப்டாப் எல்லாமே இங்கேதான். விலை 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. கடை சென்னையில், நீங்கள் திருநெல்வேலியில் என்றாலும் கவலை இல்லை. மனுதாரர் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே போடலாம். இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். வக்கீல் கட்டாயமில்லை.

மனுவுக்கு முன் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் 15 நாள் அவகாசம் கொடுத்து, பட்டுவாடா ஆனதற்குச் சான்று கிடைக்கும் அஞ்சலில் அனுப்பிவிடுங்கள். பாதி வழக்குகளின் தேவையை அதுவே போக்கிவிடும். எதிர்தரப்பாக விற்றவர், தயாரிப்பு நிறுவனத்தின் இந்தியப் பிரிவு, சர்வீஸ் சென்டர் மூவரையும் சேருங்கள். ஆன்லைன் என்றால் தளத்தையும். ஒருவரை விட்டால் மற்றவர் அந்த ஆள் மேல் பழி போடுவார். மனுவோடு பில், வாரண்டி அட்டை, ஜாப் ஷீட்டுகள், மின்னஞ்சல்கள், படங்கள், நோட்டீஸ் நகல், பிரமாணப் பத்திரம் ஆகியவை போக வேண்டும்.

மனு ஏற்கத்தக்கதா என்பதை வழக்கமாக 21 நாட்களுக்குள் முடிவு செய்ய வேண்டும். எதிர்தரப்பு பதில் தர 30 நாள், நீட்டித்தால் மேலும் 15 நாள். அதற்கு மேல் கிடையாது என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2020-இல் உறுதி செய்தது. குறையை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. பார்த்துத் தீர்மானிக்க முடியாத குறை என்றால் ஆணையம் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அதற்கான கட்டணத்தை முதலில் உங்களைக் கட்டச் சொல்லும். எனவே வழக்கு முடியும்வரை அந்த லேப்டாப்பை வெளி ஆளிடம் பிரித்துப் பழுது பார்க்காதீர்கள். ஆணையத்தின் நோட்டீஸ் எதிர்தரப்புக்குக் கிடைத்ததிலிருந்து மூன்று மாதம், ஆய்வு தேவைப்பட்டால் ஐந்து மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் அதைவிடக் கூடுதலாகவே ஆகிறது. நேரில் போக முடியாதவர்கள் காணொலி விசாரணைக்கு விண்ணப்பிக்கலாம்.

உத்தரவு வந்தபின் எதிர்தரப்பு 45 நாட்களுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். பணம் தரச் சொல்லி உத்தரவு என்றால் அதில் பாதியைக் கட்டிய பிறகே அதை எடுத்துக்கொள்வார்கள். மேல்முறையீடும் இல்லை, பணமும் வரவில்லை என்றால் அதே மாவட்ட ஆணையத்தில் நிறைவேற்றல் மனு போடுங்கள். பிரிவு 72-இன் கீழ், உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய் முதல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம்.