மூன்று ஐந்துகளும் ஒரு வெட்டு உத்தரவும்

"கடனில் கிடக்கும் விவசாயிக்கு மனநல ஆலோசனை கொடுத்து என்ன ஆகப்போகிறது?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கசப்பான கேள்விதான், ஆனால் நியாயமானது.

ஒரு தாளில் 5 5 5 என்று எழுதி, "இதில் எத்தனை இலக்கங்கள்?" என்று யாரையாவது கேளுங்கள். வாய் "ஐந்து" என்று முந்திக்கொள்ளும். விடை மூன்று. இலக்கத்தைக் கண்டதும் படித்துவிடுவது மூளையின் பழக்கம். அதை அடக்கி எண்ணிச் சொல்லக் கவனம் வேண்டும். அந்தக் கவனமோ கிணற்றுத் தண்ணீர் மாதிரி, இறைத்தால் குறையும். கவனத்தை அளக்கும் ஸ்ட்ரூப் சோதனையின் எண் வடிவம் இது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாதவரிடமும் நடத்தலாம்.

விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களின் 464 கரும்பு விவசாயிகளிடம் இதை நடத்தினார்கள். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்டோரின் அந்த ஆய்வு 2013இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. கையில் பணமில்லாத அறுவடைக்கு முன்பு ஒரு முறை, பணம் வந்த பிறகு ஒரு முறை. ஆள் அதே ஆள். முன்பு சராசரியாக 146 விநாடி பிடித்தது, பிறகு 131 விநாடியில் முடிந்தது. தவறுகளும் குறைந்தன.

பருவம் மாறியதால் இப்படி ஆகியிருக்கலாமே? இங்கேதான் கரும்பு கைகொடுக்கிறது. ஆலை ஒரே நாளில் எல்லோருடைய கரும்பையும் அரைக்க முடியாது. கரும்பை வெட்டலாம் என்று ஆலை தரும் வெட்டு உத்தரவு முறைவைத்துத்தான் வரும். அதே மாதத்தில் ஒருவர் கையில் பணம் இருக்கும்; வரப்புக்கு அந்தப் பக்கத்துக்காரர் கையில் அடகுச் சீட்டு இருக்கும். எந்த ஆய்வுக்கூடத்திலும் இவ்வளவு நேர்த்தியான ஒப்பீடு அமையாது. கோடிகளை விழுங்கும் கருவிகளுக்கு நிதி ஒதுக்குபவர்கள், சில அட்டைகளை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்களுக்கும் கொஞ்சம் ஒதுக்கலாம்.

அறுவடைக்கு முன் தடுமாறுவதைத் தலையெழுத்து என்கிறோம், கெட்ட நேரம் என்று ஜாதகத்தை எடுக்கிறோம். நேரம் கெட்டது உண்மைதான், ஆனால் அது கிரகத்தின் வேலை இல்லை. வட்டிக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும் தலையில் மூன்று ஐந்துகளுக்கு இடம் போதவில்லை.

இந்தச் சோதனை அளந்தது கவனத்தை, மனச்சோர்வை அல்ல. மனச்சோர்வு ஒரு நோய், சிகிச்சையும் உண்டு. அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸின் உதவி எண் 14416 எந்நேரமும் இலவசம். ஆக, ஆலோசனை வேண்டும்தான். எப்போது என்பதும் முக்கியம்: அறுவடைக்கு முந்தைய மாதங்களில் வேண்டும். கடன் புதுப்பிப்புப் படிவங்களை அப்போது நீட்டுவதானால், உடன் உட்கார்ந்து நிரப்ப ஓர் ஆளையும் அனுப்ப வேண்டும்.

1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பு கொடுத்த 14 நாட்களுக்குள் ஆலை பணம் தந்தாக வேண்டும். நிலுவை மாதக்கணக்கில் இழுத்தால், கரும்பு வெட்டி முடிந்த பிறகும் அந்த விவசாயி அறுவடைக்கு முந்தைய தலையோடுதான் நடமாடுகிறார்.